எம்ஆர்ஐ தத்துவத்தால் எலக்ட்ரான் ஜோடியைப் பார்க்க முடியுமா?

அடுத்த கேள்வி பட்டர்வொர்த்திலிருந்து. ஆறாம் படிவ மாணவி ஒருவர் கேட்கிறார்: "பாட்டிக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். அதே காந்த ஒத்ததிர்வை வைத்து மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்வதை ஆராய்வதாகப் படித்தேன். ஜோடியைப் படம் பிடிக்க முடியுமா, சார்?"

முடியாதம்மா. மீக்கடத்தி என்பது நன்றாகக் குளிர்ந்ததும் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அதில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேரும். அந்த ஜோடியை நேரில் யாரும் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு அணுக்கருவிடம்தான் விசாரிக்கிறார்கள். பாட்டியின் உடலில் பதில் சொன்னது ஹைட்ரஜன் அணுக்கரு. இங்கே அந்தப் பொருளிலேயே உள்ள செம்பு, ஆக்சிஜன் போன்றவை. வலுவான காந்தப்புலத்தில் வைத்து ரேடியோ அலையைச் செலுத்தினால், காந்தத் தன்மையுள்ள ஒவ்வோர் அணுக்கருவும் தனக்குரிய அதிர்வெண்ணில் பதில் தரும். உலோகத்தில் சுற்றியுள்ள எலக்ட்ரான்களின் தற்சுழற்சி (அவற்றைக் குட்டிக் காந்தம் போலாக்கும் பண்பு) புலத்தின் பக்கம் சற்றே சாய்வதால் அந்த அதிர்வெண் கொஞ்சம் நகரும். 1949இல் வால்டர் நைட் இதைச் செம்பில் கண்டார். நகர்வு சுமார் 0.23 விழுக்காடுதான், ஆனால் கருவிக்கு அது தாராளம்.

ஜோடி சேரும் இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் எதிரெதிர் திசையில் இருந்தால் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். சாய்வதற்கு எதுவும் மிஞ்சாது. குளிர்விக்கக் குளிர்விக்க நகர்வு குறையும். இரண்டின் தற்சுழற்சியும் ஒரே பக்கம் பார்க்கும் ஜோடியானால், புலத்தின் திசையைப் பொறுத்து, நகர்வு அப்படியே நிற்கலாம். 92 கெல்வினிலேயே மீக்கடத்தியாகும் இட்ரியம் பேரியம் செம்பு ஆக்சைடில் நகர்வு குறைந்தது. அங்கே விஷயம் தெளிவு.

வம்பு வந்தது ஸ்ட்ரான்டியம் ருத்தினேட்டில். இது 1.5 கெல்வினில்தான் மீக்கடத்தியாகும். சாதாரண ஆக்சிஜன்-16 அணுக்கருவுக்குக் காந்தத் தன்மையே கிடையாது. அதனால் காந்தத் தன்மையுள்ள ஆக்சிஜன்-17 ஏற்றிய படிகத்தை 1998இல் ஜப்பானியக் குழு ஒன்று சோதித்தது. நகர்வு அசையவில்லை. 'ஒரே பக்கம் பார்க்கும் ஜோடி' என்று உலகமே ஏற்றுக்கொண்டது, எத்தனையோ கோட்பாடுகளும் அதன்மேல் எழுந்தன.

2019இல் கலிபோர்னியாவில் ஸ்டூவர்ட் பிரவுன் குழு கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: நாம் அனுப்பும் ரேடியோ துடிப்பே படிகத்தைச் சூடாக்கினால்? அதுதான் நடந்திருந்தது. வெப்பமானி குளிர்ச்சியையே காட்டிக்கொண்டிருந்தது. படிகமோ அளக்கும் அந்த நொடியில் சாதாரண உலோகமாகியிருந்தது. துடிப்பின் ஆற்றலைக் குறைத்ததும் நகர்வு இறங்கியது; 'ஒரே பக்கம்' என்ற முடிவும் ஆட்டம் கண்டது. பின்னர் ஜப்பானியக் குழுவும் மீண்டும் அளந்து, இறங்குவதை உறுதிசெய்தது.

அந்த ஜோடியின் முழு வடிவம் பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. 'ஒரே பக்கம்' என்ற பட்டத்துக்கு இப்போது யுரேனியம் டெல்லுரைடு என்ற மீக்கடத்தியைத்தான் பலரும் கைகாட்டுகிறார்கள். அங்கேயும் முதல் சாட்சிகளில் ஒன்று இதே அணுக்கரு காந்த ஒத்ததிர்வுதான், டெல்லூரியம் அணுக்கருவை வைத்து.