நாள் தள்ளிப்போகும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்தால் எங்கள் தஞ்சைப் பக்கத்தில் வரன் தேடும் பேச்சு சூடுபிடிக்கும். அம்மாவும் மகளுமாக என்னிடம் வருகிறவர்களும் அப்போதுதான் அதிகம். அம்மாவின் மஞ்சள் பைக்குள் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும். முகவாயில் முளைத்த நாலு முடியை மறைக்க, மகள் துப்பட்டாவை மேலே இழுத்துவிட்டபடி உட்கார்ந்திருப்பாள். “கட்டி இருக்கிறதாம் டாக்டர், இவளுக்குக் குழந்தை பிறக்குமா?” என்பார் அம்மா. மூன்று மாதமாக ஏன் மாதவிடாய் வரவில்லை என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். சில நாள் வராமலே போகும்.

‘கட்டி’ என்று அவர்கள் சொல்வது பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைக் கோளாற்றை. அது உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். சிலருக்கு மருந்தின் துணை வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உடலில் இன்சுலின் மிகுந்து, அதனால் ஆண்மைச் சுரப்புகளும் கூடும்போது, சினைமுட்டை பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடுகிறது. முட்டை வெளியேறாததால் நாள் தள்ளிப்போகிறது. ஸ்கேனில் வரிசையாகத் தெரிபவை வளராமல் நின்ற அந்தச் சிறு பைகள்தான். அறுத்து எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. முட்டை தீர்ந்துபோய்விட்டது என்பதற்கான அடையாளமும் அல்ல.

ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்து ஒரு பெண்ணுக்கு முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்மைச் சுரப்பு மிகுதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது 2003-இல் ராட்டர்டாம் நகரில் வகுத்த அளவுகோல். அதற்கு முன் தைராய்டு கோளாறோ, தாய்ப்பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற சுரப்பின் கோளாறோ இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்ய வேண்டும். வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்ணுக்கு, இந்த நோயைக் கண்டறிய ஸ்கேன் வேண்டாம் என்றே 2023-இன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையும் அப்படித்தான் தெரியும். பிளஸ் டூ படிக்கிற பெண்ணை அதைச் சொல்லி அழவைத்திருக்கிறார்கள்!

“கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்” என்று தள்ளிப்போடுவதும் தவறு. 90 நாள் கடந்தும் மாதவிடாய் வராவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். மாதவிடாயை மாத்திரை கொடுத்து வரவழைக்க வேண்டும். சர்க்கரைப் பரிசோதனையும் அவசியம். பருமனாக இருப்பவர்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்குச் சுழற்சி சீராகிறது. (ஒல்லியான பெண்களுக்கும் இந்தக் கோளாறு வரும், மருத்துவமனையில் அவர்களைப் பார்த்து “நீ ஏன் வந்தாய்?” என்று கேட்காதீர்கள்.) நெல் விளைகிற ஊரில் சோற்றை விடு என்றால் யார் கேட்பார்கள்? ஒரு கரண்டி சோறு குறைத்து, அந்த இடத்தில் கீரையும் பயறும் மீனும் வைத்துக்கொள்ளுங்கள். காபியில் சர்க்கரையைக் குறைத்து, தினமும் அரைமணி நேரம் வேகமாக நடங்கள்.

திருமணமான மறுமாதமே “விசேஷம் உண்டா?” என்று கேட்கும் உறவினர்களை என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் இந்தக் கோளாறு உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதல் என்பது தெரியும். தூக்கம் கெட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். திருக்கருகாவூர் போய் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் நெய் வாங்கி வருபவர்களை நான் தடுப்பதில்லை. வருகிற வழியில் கணவரின் விந்துப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள் என்பேன். முட்டை வளர முதலில் தருகிற லெட்ரோசோல், சில நாட்கள் மட்டுமே சாப்பிடுகிற மாத்திரை. எடுத்த எடுப்பில் சோதனைக்குழாய் சிகிச்சைக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

நாள் ஒழுங்காக வருகிறவர்கள், கரு தரிக்கவில்லையே என்று மருத்துவரிடம் போவதற்கு முன் ஓராண்டு வரை காத்திருக்கலாம். 35 வயதைக் கடந்தவர்களுக்கு ஆறு மாதம். நாள் தள்ளிப்போகிறவர்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலேயே காட்டலாம். போகும்போது, மாதவிடாய் வந்த தேதிகளை வீட்டுக் காலண்டரில் குறித்து, அந்தத் தாள்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வணக்கம்.