எஸ் எழுத்துக்கு சமன்பாடு போட்ட மனுஷன்

(திரைல பெருசா ஒரு எஸ் எழுத்து மட்டும்)

இந்த எஸ்ஸ கொஞ்சம் உத்துப் பாருங்க. கையால எழுத ஒரு நொடி கூட ஆகாது. ஆனா இதையே கம்ப்யூட்டருக்கு விளக்கிச் சொல்லணும்னா? எவ்ளோ வளையணும், எந்த இடத்துல திரும்பி எதிர்ப்பக்கம் போகணும்... மண்ட காஞ்சிரும். இந்த ஒரே எழுத்த பத்தி 1980ல தனியா கட்டுரையே போட்டாரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி டொனால்ட் கனூத். அவரு இதோட மல்லுக்கட்டுறத பாத்துட்டு மனைவி ஜில், "அத எஸ் மாதிரியே போட வேண்டியதுதானே"ன்னு கேட்டாங்களாம்.

ஸ்டான்ஃபோர்ட் புரொஃபசருக்கு ஏன் இந்த வேல? 1977ல அவரோட 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' ரெண்டாம் வால்யூமோட புது பதிப்புக்கு புரூஃப் வந்துச்சு. பழைய பதிப்பு ஈய அச்சுல கோத்தது, அழகா இருக்கும், புதுசு போட்டோ முறைல பண்ணது, பாக்கவே சகிக்கல. மனுஷன் பப்ளிஷர் கூட சண்ட போட்டுட்டு விட்டிருக்கலாம். அவரு என்னடான்னா பக்கம் கோக்க டெக், ஃபான்ட் செய்ய மெட்டாஃபான்ட்னு ரெண்டு சாஃப்ட்வேர் எழுத உக்காந்துட்டாரு.

(திரைல இங்கிலீஷ் ஏ (A) எழுத்து, மூணு புள்ளியோட)

மெட்டாஃபான்ட்ல நீங்க எழுத்த வரையுறதில்ல, எப்படி வரையணும்னு சொல்றீங்க. ஏ எடுத்துக்கோங்க, உச்சிப்புள்ளி ரெண்டு காலுக்கும் நட்ட நடுவுல இருக்கணும், குறுக்குக்கோடு இந்த உயரத்துல வரணும், இப்படி சமன்பாடா எழுதினா போதும், புள்ளி எங்க விழும்ங்கிறத அதுவே கணக்கு போட்டுக்கும். அப்புறம் ஒரு பேனாவ கையில குடுப்பீங்க, நிப்பு உருண்டையா, சப்பையா, எவ்ளோ சாய்வுன்னு. கட் நிப்ல எழுதிப் பழகினவங்களுக்கு இது சட்டுனு புரியும்.

இதுல சூட்சுமம் எங்கன்னா, தடிமன், உயரம் எல்லாமே மாத்தக்கூடிய நம்பர். அவரோட கம்ப்யூட்டர் மாடர்ன் ஃபான்ட்ல அப்படி 62 நம்பர் இருக்கு. அதுகள திருகினா அதே புரோகிராம்ல இருந்து போல்டும் வரும், டைப்ரைட்டர் எழுத்தும் வரும்.

தமிழுக்கும் இதுல ஃபான்ட் செஞ்சிருக்காங்க, அமெரிக்கால வாஷிங்டன் யூனிவர்சிட்டில. எஸ்ஸுக்கே இந்தப் பாடுன்னா 'ஞ'வுக்கு என்ன பாடு பட்டிருப்பாங்களோ!

அப்புறம் ஏன் எல்லாரும் இத யூஸ் பண்ணல? ஒண்ணு, இது கடைசில தர்றது பிக்சல் கட்டம், பிரிண்டருக்குத் தகுந்த மாதிரி தனித்தனியா செய்யணும், அதுக்குள்ள எழுத்தோட ஓரக்கோட்ட மட்டும் வச்சு எந்த அளவுக்கும் மாத்திக்கிற அடோபியோட போஸ்ட்ஸ்கிரிப்ட் அவுட்லைன் வந்து மார்க்கெட்ட புடிச்சிருச்சு. ரெண்டாவதுதான் உண்மையான காரணம்னு நான் நினைக்கிறேன். எழுத்து வடிவமைக்கிறவங்க கண்ணால பாத்து கையால இழுக்கிறவங்க, அவங்ககிட்ட போயி 62 நம்பருக்கு சமன்பாடு போடுங்கன்னா ஓடிருவாங்க, கனூத்தே இத ஒத்துக்கிட்டாரு.

ஆனா 2016ல வந்த வேரியபிள் ஃபான்ட்ல ஸ்லைடர இழுத்தா எழுத்து தடிக்குதே, பாத்திருக்கீங்களா? வழி வேற, ஆசை அதேதான்.

மெட்டாஃபான்ட் வெர்ஷன் நம்பர் இப்ப 2.71828182. கணக்குல 2.718ன்னு ஆரம்பிச்சு முடிவே இல்லாம போற 'ஈ' (e)ங்கிற எண்ணப் பாத்து ஒவ்வொரு இலக்கமா நகருது. தான் செத்த பிறகு வெர்ஷன 'ஈ'ன்னே வச்சு பூட்டிரணும், அதுக்கப்புறம் மிச்சமிருக்கிற பக் எல்லாம் ஃபீச்சர்தான்னு கனூத் எழுதியே வச்சுட்டாரு.