முன்பல்லில் மஞ்சளேறிய அடைப்பு

வணக்கம் நேயர்களே. “டாக்டர், முன்பல்லில் வைத்த சிமெண்ட் மஞ்சளாகிவிட்டது, எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்” என்று கேட்டு வருபவர்கள் அதிகம். பல பேருக்கு எடுக்க வேண்டிய தேவையே இருக்காது.

நாம் சிமெண்ட் என்று சொன்னாலும் பல் நிறத்தில் வைப்பது பெரும்பாலும் காம்போசிட்தான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரஃபேல் போவன் உருவாக்கிய பிசின்தான் இதற்கு அடிப்படை. அந்தப் பிசினில் நுண்ணிய கண்ணாடித் தூளைக் கலந்து, நீல ஒளி காட்டி இறுக வைக்கிறோம். கறையை வாங்குவது கண்ணாடி அல்ல, பிசின். அது வாயின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும்போது டீ, காபி, வெற்றிலை, குழம்பு மஞ்சள் எல்லாம் கூடவே இறங்கும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை வாரக்கணக்கில் கொப்பளித்தாலும் பழுப்பேறும்.

இன்னொன்று, காற்றுப் படும் மேற்பரப்பு சரியாக இறுகாது, ஆக்சிஜன் தடுத்துவிடும். கறை பிடிக்காமலிருக்க, பிசுபிசுப்பான அந்த மெல்லிய படலத்தைத் தேய்த்தெடுத்துப் பாலிஷ் போட வேண்டும். கிளினிக்கில் கூட்டம் சேர்ந்தால் முதலில் அடிபடுவது இந்தப் பாலிஷ்தான். சக மருத்துவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, உண்மை அதுதான்.

மேலோடு நிற்கிற கறை என்றால், கரடான டிஸ்க்கில் தொடங்கி நைசான டிஸ்க் வரை தேய்த்து, பேஸ்ட் வைத்து மெருகேற்றினால் போதும். அடைப்பின் ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் சொத்தை என்று பயந்துவிடுகிறார்கள். எல்லாக் கோடும் சொத்தை அல்ல. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறில் கறை தங்கியிருக்கலாம், தேய்த்தால் போய்விடும். போகாமல் உள்ளே இறங்கியிருந்தால், அந்த இடத்தை மட்டும் குடைந்து புதுக் காம்போசிட் ஒட்டலாம். முழுவதையும் எடுக்கப் போனால், அடைப்பு எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது சிரமம். நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போய்விடும். அடைப்பு உள்ளுக்குள்ளேயே நிறம் மாறியிருந்தால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, ப்ளீச்சிங் செய்தால்? பல் வெளுக்கும், அடைப்பு வெளுக்காது. அதனால் முதலில் ப்ளீச்சிங், பிறகு சுமார் 2 வாரம் இடைவெளி, அப்புறம்தான் புது அடைப்பு. உடனே வைத்தால் ப்ளீச்சிங் மருந்திலிருந்து பல்லில் தங்கிய ஆக்சிஜன் அதைச் சரியாக ஒட்டவிடாது.

புது அடைப்புக்கு நிறம் பார்க்கும்போது லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிடுங்கள். பல்லில் எச்சில் ஈரம் இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுப்பாகத் தெரியும். அந்த நிறத்துக்கு அடைத்தால், பல்லில் ஈரம் திரும்பியதும் அடைப்பு மட்டும் தனி வெள்ளையாகத் தெரியும்.

நன்றி, வணக்கம்.