வழக்கு காத்த படம்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தம்பி தங்கைமாரே, வணக்கம்.

மௌனப் படக் காலத்துச் சண்டைப் படம் ஒன்றையும் அதன் பிரதியையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் நாட்டுப் படத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்றால், படம் இல்லை. 1925இல் எடுத்த 'ராஜகீய விக்கிரமய' இலங்கையில் தயாரான முதற் கதைப்படம். பிற்காலத்தில் இடதுசாரித் தலைவராக நாடறிந்த கலாநிதி என். எம். பெரேரா அதில் கதாநாயகன். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஓடிய அந்தப் படம், இலங்கையர் கண்ணில் படுமுன்பே எரிந்துபோயிற்று. ஆகவே கடல் தாண்டித் திருவிதாங்கூருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

படம் 'மார்த்தாண்ட வர்மா', ஆண்டு 1933. இயக்கியவர் பி. வி. ராவ், பணம் போட்டவர் நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ். கதை சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாவல். பட்டத்துக்குரிய இளவரசனைத் தீர்த்துக்கட்ட, மன்னரின் மக்களான தம்பிமாரும் எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களும் துரத்துகிறார்கள். காட்டில் வெட்டுண்டு செத்தான் என்று விடப்பட்ட அனந்தபத்மநாபன், பட்டாணியர் கையில் பிழைத்து, பைத்தியக்காரன் வேஷத்தில் வந்து இளவரசனைக் காக்கிறான். வாளும் வேஷமும் ஓட்டமும் ஒளிவும்தான் படம் முழுக்க. நடிப்பு நாடகமேடை நடிப்பு. அதை மெச்ச நான் வரவில்லை. ஆனால் தென்னிந்தியாவில் எடுத்த மௌனக் கதைப்படங்களுள் இன்றைக்கு எஞ்சியிருப்பது இது ஒன்றே. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' தொடங்கிச் சென்னையில் எடுத்தவை எல்லாம் போய்விட்டன.

இது மட்டும் எப்படித் தப்பியது? நாவலின் பதிப்புரிமை கமலாலயா புத்தக நிலையத்திடம் இருந்தது. அவர்களிடம் அனுமதி பெறாமலே எடுத்துவிட்டார்கள். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிட்ட கையோடு வழக்கு; படம் நின்றது; பிரதி புத்தகக் கடைக்காரர் கைக்குப் போயிற்று. 1974இல் புனே தேசியத் திரைப்படக் காப்பகம் வாங்கும்வரை அது அங்கேயே கிடந்தது. ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஊர் ஊராகக் கொட்டகை சுற்றி, புரொஜெக்டரின் பற்சக்கரம் படத்தின் ஓரத் துளையைக் கிழித்து, கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டி, கடைசியில் வெள்ளியைப் பிரித்தெடுக்க உருக்கியிருப்பார்கள். தயாரிப்பாளருக்கு நட்டம், நமக்கு லாபம். சுந்தர்ராஜின் உறவினர் ஜே. சி. டானியல் எடுத்த 'விகதகுமாரன்' வீட்டிலேயே இருந்தது. சிறுவனாக இருந்தபோது அதன் றீலைக் கொளுத்தி விளையாடியதாக அவர் மகனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அது அப்படிப் பற்றக் காரணம் எளிதில் தீப்பிடிக்கும் நைத்திரேற்று என்ற பொருளால் செய்த படச்சுருள். 1950களின் தொடக்கம் வரை 35 மில்லிமீற்றர்ப் படத்துக்குப் பெரும்பாலும் அதுதான். எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. சிதையத் தொடங்கிய சுருள் நாட்கணக்கில் 41 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் கிடந்தால் தானாகவே பற்றக்கூடும். காப்பகங்களுக்கும் இதில் விலக்கில்லை. 2003 ஜனவரியில் புனேயில் பழைய பிரபாத் ஸ்ரூடியோ வளாகத்துப் படப்பெட்டகம் பற்றி எரிந்ததும் நைத்திரேற்றால்தான். கச்சான் வீசும் மாதங்களில் இந்த ஊரில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மத்தியானம் எவ்வளவு சூடேறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, பிழைத்த பிரதியைப் பார்க்கும் விதம். 35 மில்லிமீற்றரில் ஓர் அடிக்கு 16 பிரேம். செக்கனுக்கு 16 பிரேம் ஓட்டினால் ஆயிரம் அடி றீல் 16 நிமிடம் 40 செக்கன் ஓடும். பேசும்பட வேகமான 24இல் ஓட்டினால் 11 நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வாள்சண்டையில் இது உடனே தெரிந்துவிடும்: வீரன் பொம்மைபோலத் துள்ளுவான், சனம் சிரிக்கும். அந்தக் காலத்தில் கமராவைக் கையால் சுற்றினார்கள். வேகம் காட்சிக்குக் காட்சி மாறும். ஆகையால் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் கூடாது. நடக்கிறவனின் காலையும் விழுகிற துணியையும் பார்த்து 16க்கும் 22க்கும் இடையில் சரிசெய்ய வேண்டும். சிலர் இரண்டு பிரேமுக்கு ஒன்றை இரட்டித்து 16ஐ 24 ஆக்குவார்கள். நடை ஓரளவு சரிவரும். வாள் வீச்சோ விக்கி விக்கி நகரும்.

இன்னொரு வெட்டும் உண்டு. மௌனப் படத்தில் பிம்பம் ஒரு துளைவரிசையிலிருந்து மறு துளைவரிசை வரை முழு அகலத்துக்கும் இருக்கும். பேசும்படத்தில் இடப்புறம் ஒலிப்பட்டைக்குப் போய்விடும். கவனமில்லாமல் பேசும்பட அளவில் பிரதி எடுத்தால் இடப்புறத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு காணாமற்போகும். அந்த ஓரத்தில் நின்று குத்துகிறவனின் கை மட்டும் திரையில் வரும், ஆளைக் காண முடியாது.

இங்கேயும் மூடிக்கிடக்கும் பழைய தியேட்டர்களின் ஒப்பரேற்றர் அறைகளிலோ, படப்பெட்டி கொண்டுதிரிந்தவர்களின் வீட்டுப் பரணிலோ தகர டப்பா அகப்படலாம். முதல் விஷயம், புரொஜெக்டரில் ஏற்றாதீர்கள். கதவு யன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு, பகலில் திறவுங்கள். சிகரெட், விளக்கு எதுவும் கிட்ட வேண்டாம். வினாகிரி மணந்தால் அது பின்னாளில் வந்த பாதுகாப்புச் சுருளான அசற்றேற்று. படம் வளைந்து சுருங்கும், ஆனால் எளிதில் பற்றாது. மூக்கை அரிக்கும் நெடியும், டப்பாவின் உட்புறம் துருவும், சுருளில் மஞ்சட் பழுப்பும் கண்டால் நைத்திரேற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்க்கும் பழைய சோதனை வேண்டவே வேண்டாம்.

சுருள் எந்த வகை என்று அதன் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ஓர எழுத்தை வாசியுங்கள். ஒரு பொறி இருக்கிறது: நைத்திரேற்று நெகற்றிவ்வின் ஓர எழுத்து, பின்னாளில் எடுத்த பாதுகாப்புச் சுருளிலும் அச்சாகி வரும். ஒரே ஓரத்தில் இரண்டு விதமான எழுத்து கண்டால் அது பிரதியின் பிரதி. பிறகு அடிமட்டத்தால் அளவுங்கள். நூறு துளை நீளம் ஏறத்தாழ 475 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். 470 ஆகியிருந்தால் ஒரு வீதம் சுருங்கிவிட்டது. சாதாரணப் பற்சக்கரம் அதைக் கிழிக்கும்.

சுற்று ஒன்றோடொன்று பிசுபிசுத்து ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். படிந்த பிம்பம் உரிந்து வந்துவிடும். அந்த நிலையிலும் ஆய்வுகூடத்தில் படி எடுக்க வழி உண்டு. நுரைத்துக் கட்டியாகியிருந்தால் மிகக் கொஞ்சமே மிஞ்சும். பழுப்புத் தூளாகியிருந்தால் தொடாமல் மூடியைப் போட்டு ஆளில்லாத நிழலிடத்தில் வைத்துத் தீயணைப்புப் படைக்குச் சொல்லுங்கள். காப்பாற்றுவதாக நினைத்துப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டுவது பெரிய பிழை. வெளியேற வேண்டிய வாயு உள்ளேயே நின்று சிதைவை விரைவாக்கும்.

டப்பாவின் லேபிளையும் ஓர எழுத்தையும் படமெடுத்து முதலில் கொழும்பில் படப் பாதுகாப்புத் தெரிந்தவர்களுக்கு அறிவியுங்கள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் ஏறாதீர்கள். நைத்திரேற்றுப் படம், சரக்கு விதிகளின்படி 4.1ஆம் வகுப்பு எரிதிண்மம், தபாலுக்கும் ஆகாது. ஆராயத் தெரிந்தவர் இங்கே வந்து, எதை எப்படி ஏற்றுவது என்று சொல்லும்வரை காற்றோட்டமான இடத்தில் படுக்கையாக வைத்திருங்கள்.