சிஸ்டர், ஒரு சந்தேகம்

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரியில் பல வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். கல்லூரிப் பையன்களிடம் பாலியல் நலம் பற்றிப் பேசப் போவதும் என் வேலைதான். அதில் முதல் சிக்கலே எங்களைக் கூப்பிடும் பெயர். 'சிஸ்டர்' என்று கூப்பிட்ட வாயால் ஆணுறையைப் பற்றி எப்படிக் கேட்பது? கூட்டத்தில் ஒரு கேள்வியும் வராது. பின்வரிசையிலிருந்து சிரிப்பு மட்டும் வரும்.

அப்புறம்தான் ஒரு காலி பிஸ்கட் டப்பாவை மூலையில் வைத்தேன். பெயர் போடாமல் எழுதிப் போடுங்கள் என்றேன். அன்றைக்கே டப்பா நிறைந்துவிட்டது. பாதிச் சீட்டு 'என் நண்பனுக்கு ஒரு சந்தேகம்' என்று ஆரம்பிக்கும். அந்த நண்பன் குன்னூரிலும் இருக்கிறான், கூடலூரிலும் இருக்கிறான். பாவம், ஊரில் உள்ள சந்தேகம் எல்லாம் அவனுக்குத்தான்.

ஒரு சீட்டில், 'மெடிக்கல் ஷாப்காரர் அப்பாவுக்குப் பழக்கம். நான் எங்கே போய் வாங்குவது?' என்று இருந்தது. மலையில் இதுதான் பெரிய விஷயம். கோயம்புத்தூரில் நாலு தெரு தள்ளிப் போனால் யாருக்கும் நம்மைத் தெரியாது. இங்கே பஸ் கண்டக்டருக்குக்கூட நம் வீடு தெரியும். ஊட்டியிலிருந்து ஆணுறை வாங்க மேட்டுப்பாளையம் வரை இறங்கிய பையன்கள் உண்டு. அவ்வளவு தூரம் போய் வாங்கியதை மாதக்கணக்கில் பர்ஸில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். உரசி உரசி ரப்பர் நைந்துபோகும். தேங்காய் எண்ணெய் பட்டாலும் கிழியும். அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் கேட்டால் இலவசமாகவே கொடுப்பார்கள்.

அங்கே எச்.ஐ.வி. பரிசோதனையும் இலவசம். 18 வயது ஆகிவிட்டால் தனியாகவே வரலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது என்று 2017-ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்குப் போன் போகாது.

ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது போடவே இல்லை, பயமாக இருக்கிறது என்றால் யோசித்துக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள். 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மண் சரிந்து பஸ் நிற்கலாம், அந்த 72 மணி நேரம் நிற்காது. சிலர் மறுநாளே பரிசோதித்து 'ஒன்றுமில்லை' என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். அது போதாது. கிருமி ரத்தத்தில் தெரியவே சில வாரம் ஆகும், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

எச்.ஐ.வி. மட்டும்தானா? மஞ்சள் காமாலை கொண்டுவரும் ஹெபடைடிஸ் பி அதைவிடச் சுலபமாகத் தொற்றும். சின்ன வயதில் அதற்கு ஊசி போட்டார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் கொண்டுவரும் ஹெச்.பி.வி. கிருமி என்றதும், 'அது பெண்களுக்கு வருவதாயிற்றே' என்கிறார்கள். ஆண்களுக்கும் அதனால் மருவும் வரும், தொண்டையில் புற்றுநோயும் வரலாம். தடுப்பூசி ஆண்களுக்கும் உண்டு.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் நானும் பயமுறுத்தித்தான் பேசினேன். 1986-இல் இந்தியாவில் முதன்முதலாக, சென்னையில் எச்.ஐ.வி. கிருமியைக் கண்டுபிடித்தபோது ஊரெல்லாம் பரவிய அதே பயம். பயந்த பையன் பரிசோதனைக்கு வரவில்லை, ஒளிந்துகொண்டான். இன்றைக்கு நிலைமை வேறு. எச்.ஐ.வி. உள்ளவர் தினமும் மாத்திரை சாப்பிட்டு, கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அது இன்னொருவருக்குப் போகாது. இதைச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள்.

நேரில் வரக் கூச்சமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது.

போன முறை ஒரு பையன் சீட்டை டப்பாவில் போடாமல் என் கையிலேயே கொடுத்தான். 'என் நண்பனுக்கு' என்று எழுதி, 'நண்பனுக்கு' என்பதை அடித்திருந்தான்.