காபிஸ்கிரிப்ட்டுக்கு என்ன ஆனது?

[திரை: கறுப்புப் பின்னணியில் இரண்டு வரிகள். மேலே ‘ஏ இஸ்ன்ட் பி’. கீழே ‘ஏ இஸ் நாட் பி’.]

இந்த இரண்டு வரிகளையும் கொஞ்சம் பாருங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். நாம் ‘வரவில்லை’ என்பதும் ‘வரலை’ என்பதும் போல.

ஆனால் காபிஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் அப்படி இல்லை. முதல் வரி, “ஏயும் பியும் வேறு வேறா?” என்று கேட்கிறது. இரண்டாவது வரியோ முதலில் பியைத் தலைகீழாக்கும், அப்புறம் அது ஏவுக்குச் சமமா என்று பார்க்கும். ஏயில் 5, பியில் 7 என்று வையுங்கள். முதல் வரிக்குப் பதில் ட்ரூ, அதாவது ஆம். இரண்டாவது வரியில் 7 தலைகீழாகி ஃபால்ஸ், அதாவது இல்லை என்றாகும்; 5 அதற்குச் சமமில்லை, அதனால் பதில் ஃபால்ஸ். எரர் எதுவும் வராது. நிரல் பாட்டுக்கு ஓடும், தப்பாக ஓடும்.

ஒரு காலத்தில் வெப் டெவலப்பர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய மொழி இது. இன்று புதிதாக ஒரு வேலையை இதில் தொடங்குகிறேன் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்போம். இடையில் என்ன நடந்தது?

[திரை: 1995 முதல் 2009 வரை ஒரு நேர்கோடு. நடுவில் பெரிய வெற்றிடம்.]

முதலில், பிரவுசருக்குள் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டின் கதை கொஞ்சம் வேண்டும். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். 1999 டிசம்பரில் அதன் மூன்றாம் தரப்பதிப்பு வந்தது. நான்காம் பதிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் பெரிய நிறுவனங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. இழுபறி நீண்டு 2008இல் அதைக் கைவிட்டார்கள். ஐந்தாம் பதிப்பு வந்தபோது 2009 டிசம்பர். பத்து வருடம்! அதற்குள் ஜிமெயில் வந்துவிட்டது, கூகுள் மேப்ஸ் வந்துவிட்டது, பிரவுசருக்குள் பெரிய பெரிய மென்பொருள்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. மொழி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதே 2009 டிசம்பரில், 13ஆம் தேதி, ஜெரமி அஷ்கெனாஸ் என்ற அமெரிக்க டெவலப்பர் நிரல் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் என்ற கருவியில் ஒரு கமிட், அதாவது ஒரு பதிவு, போடுகிறார். மர்ம மொழியின் முதல் கமிட் என்று அதற்கு ஒரு குறிப்பு. அந்த மொழிதான் காபிஸ்கிரிப்ட். அதை ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றும் கம்பைலரை ரூபி என்ற வேறொரு மொழியில் எழுதியிருந்தார். 2010 பிப்ரவரியில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, காபிஸ்கிரிப்ட்டின் கம்பைலரைக் காபிஸ்கிரிப்ட்டிலேயே எழுதிவிட்டார். அந்த வருடம் டிசம்பர் 24 அன்று 1.0 வெளிவந்தது. பேக்போன், அண்டர்ஸ்கோர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களின் பெயர்கள் உங்களுக்கு நினைவிருந்தால், அவையும் இவர் கைவேலைதான்.

[திரை: இடப்பக்கம் ஒரே வரி, வலப்பக்கம் அதன் ஜாவாஸ்கிரிப்ட் வடிவம், எட்டு வரி.]

காபிஸ்கிரிப்ட்டைப் பிரவுசருக்குத் தெரியாது. நீங்கள் எழுதியதைக் கம்பைலர் ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றித் தரும். பிரவுசர் அதை ஓட்டும். எழுதும் நமக்குத்தான் சுகம். நெளி அடைப்புக்குறி வேண்டாம், அரைப்புள்ளி வேண்டாம், ஒவ்வொரு தடவையும் ‘ஃபங்ஷன்’ என்று அடித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒரு அம்புக்குறி போதும். பாஸான மாணவர்களின் மார்க்கை மட்டும் ஒரு பட்டியலாக எடுக்க வேண்டுமா? மாணவர் பட்டியலில், பாஸானவர் என்றால், அவர் மார்க் என்று பேசுகிற மாதிரியே ஒரு வரியில் எழுதிவிடலாம். அன்றைய ஜாவாஸ்கிரிப்ட்டில் அதற்கு ஒரு காலிப் பட்டியல், ஒரு லூப், ஒரு இஃப், ஒரு புஷ் எல்லாம் வேண்டும்.

2011இல், இணையதளங்கள் கட்ட உதவும் ரூபி ஆன் ரயில்ஸ் 3.1, காபிஸ்கிரிப்ட்டைத் தன் இயல்புத் தேர்வாகவே சேர்த்துக்கொண்டது. புதிய ரயில்ஸ் புராஜெக்ட் தொடங்கும் எல்லோருக்கும் கேட்காமலே காபி வந்தது. இதற்கு நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. 2012இல் டிராப்பாக்ஸ் தன் பிரவுசர் பக்க நிரல் முழுவதையும் காபிஸ்கிரிப்ட்டுக்கு மாற்றியதாக அறிவித்தது. கிட்ஹப்பின் ஆட்டம் எடிட்டரும் பெரும்பாலும் இதில்தான் எழுதப்பட்டது.

சரி, இப்போது ஒரு செக்பாக்ஸ் கதை.

[திரை: ஒரு செக்பாக்ஸ். மவுஸ் அழுத்துகிறது. டிக் விழுவதில்லை.]

பழைய காபிஸ்கிரிப்ட் நிரல் ஒன்றைப் பராமரிக்கும் வேலை எனக்கு ஒரு முறை வந்து சேர்ந்தது. அதில் ஒரு பக்கத்தில் செக்பாக்ஸ் டிக் ஆகாது. எத்தனை தடவை அழுத்தினாலும் காலியாகவே நிற்கும். அழுத்தும்போது ஓடும் ஃபங்ஷனில் இருந்ததே மூன்று வரிதான். கடைசி வரி, மெனு திறந்திருக்கிறதா என்ற குறிப்பை ஃபால்ஸ் என்று மாற்றுகிறது. செக்பாக்ஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அரை நாள் போனது.

விஷயம் இதுதான். காபிஸ்கிரிப்ட்டில் ஒரு ஃபங்ஷனின் கடைசி வரி எதுவோ, அதன் மதிப்பு தானாகவே ரிட்டர்ன் ஆகும். நீங்கள் ரிட்டர்ன் என்று எழுத வேண்டியதில்லை. அங்கே கடைசி வரியின் மதிப்பு ஃபால்ஸ். ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்திலோ, ஒரு கிளிக்கைக் கையாளும் ஃபங்ஷன் ஃபால்ஸைத் திருப்பித் தந்தால், அந்தக் கிளிக்கின் இயல்பான வேலையை நிறுத்து என்று பொருள். செக்பாக்ஸின் இயல்பான வேலை என்ன? டிக் விழுவது! கடைசியில் ‘ரிட்டர்ன்’ என்று ஒற்றைச் சொல்லை வெறுமனே போட்டதும் சரியானது. எழுதும்போது மிச்சம் பிடித்த அந்தச் சொல்லை, அரை நாள் செலவழித்துத் திரும்ப எழுதினேன்.

இது மட்டுமல்ல. ஃபங்ஷனின் கடைசியில் ஒரு லூப் இருந்தால், யாருக்கும் வேண்டாத ஒரு பட்டியலைக் கம்பைலர் சேர்த்துக் கட்டித் தரும். வெளியே இருக்கும் அதே பெயரைத் தெரியாமல் உள்ளே இன்னொரு தடவை வைத்தால், வெளியே இருப்பது சத்தமில்லாமல் மாறிவிடும். ஆரம்ப வருடங்களில் எரர் வந்தால் பிரவுசர் காட்டும் வரி எண்ணும் நீங்கள் எழுதிய வரியாக இருக்காது, கம்பைலர் எழுதிய வரியாக இருக்கும். 2013இல், இரண்டு வரிகளையும் பொருத்திக் காட்டும் சோர்ஸ் மேப் வந்தபிறகுதான் அந்தத் தலைவலி குறைந்தது.

ஆனாலும் பயன்படுத்தினோம். ஏனென்றால் மாற்று அன்றைய ஜாவாஸ்கிரிப்ட்.

[திரை: 2015 ஜூன்.]

அந்த ஜாவாஸ்கிரிப்ட் 2015 ஜூனில் மாறியது. அம்புக்குறி ஃபங்ஷன், கிளாஸ், சரத்துக்குள்ளேயே (எழுத்துத் தொடருக்குள்ளேயே) மாறியை எழுதும் வசதி, பட்டியலைப் பிரித்துத் தனித்தனி மாறிகளில் வைக்கும் டிஸ்ட்ரக்சரிங் எல்லாம் வந்தன. காபிஸ்கிரிப்ட்டின் தாக்கம் தன் யோசனையில் இருப்பதைப் பிரெண்டன் ஐக் 2011லேயே ஒப்புக்கொண்டிருந்தார். இன்னும் இந்த வசதிகளை ஏற்காத பிரவுசர்களுக்காக மாற்றித் தர பேபல் என்ற கருவியும் வந்துவிட்டது.

பலரும் இந்த இடத்தில், காபிஸ்கிரிப்ட் தன் வேலையை முடித்துவிட்டு கௌரவமாக ஒதுங்கிக்கொண்டது என்று கதையை முடிப்பார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டவை எவை என்று பாருங்கள். அம்புக்குறியை எடுத்தது, எல்லா ஃபங்ஷனிலும் கடைசி வரி தானாக ரிட்டர்ன் ஆவதை எடுக்கவில்லை. ‘இஸ்ன்ட்’டை எடுக்கவில்லை. வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை, அதாவது இன்டென்டேஷனை, வைத்தே அர்த்தம் சொல்லும் வழக்கத்தையும் எடுக்கவில்லை. நல்லதெல்லாம் அந்தப் பக்கம் இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்ததும், காபிஸ்கிரிப்ட்டுக்கென்று தனியாக மிஞ்சியவற்றில் பெரும்பகுதி அந்தச் செக்பாக்ஸ் மாதிரியான வம்புகள்தான்.

அதே நேரத்தில் மைக்ரோசாஃப்டின் டைப்ஸ்கிரிப்ட், 2012இல் பிறந்தது, வளர்ந்து நின்றது. அது எழுதுகிறவருக்கு வேலையைக் குறைக்கவில்லை, கூட்டியது: இது எண், இது சரம் என்று எழுதச் சொன்னது. ஆனால் பத்து பேர் படிக்கும் நிரலில் அதன் அருமை தெரிந்தது. டிராப்பாக்ஸ் 2017இல் டைப்ஸ்கிரிப்ட்டுக்கு மாறியது. அதே 2017 செப்டம்பரில் காபிஸ்கிரிப்ட் 2 வந்தது; நிரலைப் புதிய ஜாவாஸ்கிரிப்ட்டாகவே மாற்றித் தந்தது, ஆனால் மாறிகளை அறிவிக்கும் ‘லெட்’டும் ‘கான்ஸ்ட்’டும் அதிலும் இல்லை. ரயில்ஸ் 6, 2019இல், புதிய புராஜெக்ட்டுகளில் காபியை ஊற்றுவதை நிறுத்தியது. ஆட்டம் எடிட்டரை 2022 டிசம்பரில் கிட்ஹப் மூடியது.

[திரை: ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல். மேலே சாம்பல் நிறத்தில் ஒரு குறிப்பு.]

பழைய நிரல்களை என்ன செய்வது? அதற்கு டிகாஃபினேட் என்றே ஒரு கருவி இருக்கிறது. காபிஸ்கிரிப்ட் ஃபைலைக் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலாகத் தரும். மூல நிரலின் நடத்தை துளியும் மாறக்கூடாது என்பதால் தேவையற்ற ரிட்டர்ன்களையும் அப்படியே வைத்துவிட்டு, ஃபைலின் தலையில் ஒரு குறிப்பு எழுதும். டிஎஸ்102: தானியங்கி ரிட்டர்னால் வந்த தேவையற்ற வரிகளை நீக்கவும்.

நான் பார்த்த ஃபைல்களில் அந்தக் குறிப்பும் இருக்கிறது. நீக்கச் சொன்ன வரிகளும் இருக்கின்றன.