துப்பாக்கிப் பெட்டியை விட என் பழைய பேக்பேக்தான் பயமுறுத்துகிறது

வணக்கம் மக்களே. ஃபீனிக்ஸில் ஒரு ஹோட்டல் அறையிலிருந்து பேசுகிறேன். ஏசி இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள், அணைத்தால் நான் வெந்துவிடுவேன். நாளை காலை பென் ஏவரி ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் மைதானத்தில், ஒரு சின்ன போட்டி இருக்கிறது, அதற்காக டல்லாஸிலிருந்து என் சொந்தக் கைத்துப்பாக்கியோடு விமானத்தில் வந்தேன். போன வீடியோவில் இதைச் சொன்னதும் கமெண்ட்டில் பாதிப் பேர் "அண்ணா, துப்பாக்கியோடு ஃபிளைட்டில் எப்படி விடுவார்கள்?" என்று கேட்டீர்கள், மீதிப் பேர் "உங்களுக்கு எதற்கு இந்த வேலை?" என்று கேட்டீர்கள். இரண்டாவது கேள்வியை என் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. முதல் கேள்விக்கு இருக்கிறது: தோட்டா ஏற்றாமல், பூட்டிய பெட்டியில், செக்-இன் லக்கேஜில்தான் போட வேண்டும்.

இதோ, கட்டில் மேல் இருக்கிறதே, இதுதான் பெட்டி. கெட்டியான பிளாஸ்டிக், உள்ளே ஸ்பாஞ்ச், பூட்டு மாட்ட இரண்டு துளை. இரண்டிலும் பூட்டு போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பெட்டிகளில் நடுவில் ஒரே ஒரு துளை இருக்கும், பூட்டிய பிறகும் மூலையை விரலால் இழுத்தால் இடைவெளி விழும். அப்படி நெம்பி உள்ளே கைவிட முடிந்தால் அதைப் பூட்டிய பெட்டியாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும், விமானக் கம்பெனிக்காரரிடம்கூடக் கொடுக்கக்கூடாது. சூட்கேஸுக்கெல்லாம், ஏர்போர்ட்டில் சோதனை போடுகிற அரசு அமைப்பான டிஎஸ்ஏ திறக்கிற மாதிரிப் பூட்டு போடுகிறோமே, இங்கே அது கட்டாயமில்லை, நான் சாதாரணப் பூட்டுதான் போடுகிறேன். இந்தச் சின்னப் பெட்டியை அப்படியே சூட்கேஸுக்குள் வைத்துவிடலாம், சூட்கேஸைப் பூட்டத் தேவையில்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இங்கே சில போட்டோகிராபர்கள் லட்ச ரூபாய் கேமராவை செக்-இன்னில் போட வேண்டி வந்தால், அதோடு ஓட்டப்பந்தயத்தில் சுடுவார்களே, அந்த ஸ்டார்ட்டர் பிஸ்டல் ஒன்றையும் வைத்துவிடுவார்கள். அதற்கும் துப்பாக்கிக்கான விதிதான். அதனால் மொத்தப் பெட்டிக்கும் தங்கள் சொந்தப் பூட்டைப் போட்டுக்கொள்ளலாம், வழியில் யாரும் சும்மா திறந்து பார்க்க முடியாது. மூளைக்காரர்கள்.

சரி, தோட்டா. தோட்டாவும் செக்-இன்னில் மட்டும்தான். கடையில் வாங்கின அட்டைப் பெட்டியிலோ, தோட்டாவுக்கென்றே செய்த வேறு பெட்டியிலோ, ஒவ்வொன்றும் தன் குழியில் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். ஒரு பையில் அள்ளிப் போட்டு எடுத்துப் போக முடியாது. பெரும்பாலான விமானக் கம்பெனிகள் 5 கிலோ வரை விடுகின்றன. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு விஷயம் மாறும், டிக்கெட் எடுக்கும் முன் அவர்கள் சைட்டைப் பார்த்துவிடுங்கள். தோட்டாவை அடுக்கித் துப்பாக்கியில் செருகுகிற மேகசின், அது காலியாக இருந்தாலும் கைப்பையில் கொண்டு போகக்கூடாது. ரைஃபிள் மேல் மாட்டிக் குறிபார்க்கிற ஸ்கோப் மட்டும் கையில் எடுத்துப் போகலாம்.

அப்புறம் கவுண்டர். இந்த லக்கேஜை வாசலில் இறக்கிக் கொடுத்துவிட்டு ஓட முடியாது, உள்ளே வரிசையில் நின்று நேரில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஏர்போர்ட்டில் நின்றுகொண்டு "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று ஆரம்பித்தால் பின்னால் நிற்கிறவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். "செக்-இன் லக்கேஜில் ஒரு ஃபயர்ஆர்ம் டிக்ளேர் செய்ய வேண்டும்" என்று சாவகாசமாகச் சொல்லுங்கள். ஒரு அட்டை கொடுப்பார்கள், தோட்டா ஏற்றவில்லை என்று கையெழுத்துப் போட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்று காலை கவுண்டரில் இருந்த பெண் வேலைக்குப் புதிது போல. பெட்டியைத் திற என்றார், திறந்தேன். "வெளியே எடுத்துக் காட்டுங்கள்" என்றார். எனக்குப் பகீர் என்றது. முன்னூறு பேர் நிற்கிற ஹாலில் நான், என் தாடி, என் கையில் ஒரு துப்பாக்கி. யோசித்துப் பாருங்கள். இரண்டு கையையும் கவுண்டர் மேல் வைத்துக்கொண்டு, "மேடம், நான் தொட மாட்டேன், உங்கள் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்" என்றேன். சூப்பர்வைசர் அம்மா வந்தார், துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் இழுத்து நிற்பதையும், தோட்டா உட்காருகிற சேம்பர் காலி என்று காட்ட நான் அதில் செருகியிருந்த ஆரஞ்சுப் பிளாஸ்டிக் கொடியையும் எட்டிப் பார்த்தார், மூடச் சொல்லிவிட்டார். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொடி ஐந்து டாலர்கூட ஆகாது, கட்டாயமும் இல்லை. ஒன்று வாங்கி வையுங்கள்.

பெட்டி ஸ்கேன் ஆகி முடிகிற வரை பக்கத்திலேயே ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் இருங்கள், சந்தேகம் வந்தால் சாவியோடு உங்களைத்தான் தேடுவார்கள். இறங்கின இடத்தில் சில கம்பெனிகள் பெட்டியை பெல்ட்டில் விடாமல் லக்கேஜ் ஆபீஸில் வைத்து ஐடி பார்த்துக் கொடுக்கும், சில பிளாஸ்டிக் பட்டையால் கட்டி இறுக்கிக் கொடுக்கும். 2017 ஜனவரி 6 அன்று ஃபுளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் ஏர்போர்ட்டில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கும். அலாஸ்காவிலிருந்து வந்தவன், ஒழுங்காக டிக்ளேர் செய்து கொண்டு வந்த துப்பாக்கியை லக்கேஜ் எடுக்கிற இடத்தில் வாங்கி, கழிப்பறைக்குள் போய் தோட்டா ஏற்றிக்கொண்டு வந்து ஐந்து பேரைக் கொன்றான். அதனால் பெல்ட்டில் சுற்ற விடுவதை விட ஆபீஸில் வைத்துக் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கிறது. அரை மணி நேரம் போனால் போகட்டும்.

நான் நேர் ஃபிளைட்டுக்குக் கூடப் பணம் கொடுத்து வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2005-ல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் பென்சில்வேனியா போகும் வழியில் நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் அடுத்த ஃபிளைட்டைத் தவறவிட்டார். லக்கேஜை வாங்கிக்கொண்டு ஹோட்டலில் இரவு தங்கினார். காலையில் கவுண்டருக்குப் போய், முறையாக, "டிக்ளேர் செய்ய வேண்டும்" என்றார். கைது. ஏனென்றால் நியூ ஜெர்சி லைசென்ஸ் அவரிடம் இல்லை. சில நாள் ஜெயிலில் இருந்தார், வழக்கை அப்புறம் கைவிட்டார்கள். இப்படிப் பயணம் போகிறவர்களைக் காப்பதற்கென்றே 1986-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் உங்களுக்கு உரிமை இருந்தால், தோட்டா ஏற்றாமல், கைக்கு எட்டாத இடத்தில் வைத்து நடுவில் எந்த மாநிலத்தையும் தாண்டலாம் என்கிறது அது. அதை வைத்து அவர் நஷ்ட ஈடு கேட்டார். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது: அன்று இரவு ஹோட்டலில் பெட்டி உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தானே இருந்தது என்றது. நியாயமா? எனக்கு இன்னும் ஜீரணிக்கவில்லை. ஆனால் நீங்கள் நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் மாட்டிக்கொண்டால் பெட்டியை வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன்பே ஏர்போர்ட் போலீஸிடம் நிலைமையைச் சொல்லி வழி கேளுங்கள். அந்தத் தீர்ப்பே சொல்கிற வழி அதுதான்.

இவ்வளவும் ஒழுங்காகச் சொல்லிக் கொண்டு போகிறவர்கள் கதை. மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள் இல்லை. 2024-ல் மட்டும் அமெரிக்க ஏர்போர்ட் சோதனை வரிசைகளில் பயணிகளின் கைப்பையிலிருந்து 6,678 துப்பாக்கிகளை எடுத்திருக்கிறார்கள், அதில் 94 சதவீதத்தில் தோட்டா ஏற்றியிருந்தது. அட்லாண்டாவில் மட்டும் 440. பிடிபட்டவர்களிடம் கேட்டால் அடிக்கடி வருகிற பதில், "பையில் இருந்ததே மறந்துவிட்டது." மறதிக்கு அபராதம் 2024-ல் கிட்டத்தட்ட 15,000 டாலர் வரை போனது, சோதனை வரிசையில் சீக்கிரம் போக விடுகிற பிரீசெக் வசதி வைத்திருந்தால் அதுவும் போய்விடும். எங்கள் டெக்சஸில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கிறவர், அதிகாரி சொன்னவுடன் திரும்பிப் போய்விட்டால் மாநிலச் சட்டப்படி கைது இல்லை, ஆனால் அந்த அபராதம் வீடு தேடி வரும்.

சிரிக்காதீர்கள், நானும் மறந்தவன்தான். இரண்டு வருடத்துக்கு முன் சென்னைக்குப் புறப்படும்போது ரேஞ்சுக்கு எடுத்துப் போகிற அதே பேக்பேக்கைத்தான் கைப்பையாக எடுத்தேன். என் மனைவிக்கு ஒரு பழக்கம், எந்தப் பையானாலும் துணி வைக்கும் முன் தலைகீழாகக் கவிழ்த்து உதறுவாள். இரண்டு பேனா, ஒரு இருமல் மிட்டாய், அப்புறம் டங்கென்று தரையில் ஒரு தோட்டா விழுந்தது. கேமரா கிட்டே காட்டுகிறேன் பாருங்கள். இது நாளைய போட்டிக்கான 9 எம்எம் தோட்டா, அன்று விழுந்தது .22 என்கிற ரகம், இதை விடவும் சின்னது, என் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. அடி லைனிங் கிழிசலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

அதே ஒன்று சென்னை ஏர்போர்ட்டில் எக்ஸ்ரேயில் தெரிந்திருந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் ஒற்றைத் தோட்டா வைத்திருந்தாலும் குற்றம். பையில் இருந்தது தெரியாது, தெரிந்தே வைத்திருக்கவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது, வாஸ்தவம். ஆனால் ரத்தாகிற வரை வக்கீல், வாய்தா, பாஸ்போர்ட், திரும்ப வேண்டிய வேலை, எல்லாம் தொங்கும். இரண்டு வாரம் லீவில் போகிறவனுக்கு இது தாங்குமா?

இன்னொன்றும் அடிக்கடி கேட்கிறீர்கள், எச்1பி வேலை விசாவில் இருக்கிறவர் இங்கே துப்பாக்கி வாங்கலாமா என்று. பொதுவாக முடியாது, வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. வக்கீலிடம் கேளுங்கள், என்னைப் போன்ற யூடியூப்காரனிடம் கேட்காதீர்கள்.

அந்த பேக்பேக் இப்போது கராஜில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டித் தொங்குகிறது, ரேஞ்சுக்கு மட்டும்தான் போகும். இந்த முறை கைப்பையாக எடுத்து வந்தது மகளின் பள்ளிக்கூடப் பை, யூனிகார்ன் படம் போட்டது, சோதனை வரிசையில் ஒருவர் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். மணி பதினொன்று ஆகிவிட்டது, காலை ஆறரைக்கு ரேஞ்சில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது ஃபீனிக்ஸ் கவுண்டரில் யாராவது வெளியே எடுத்துக் காட்டச் சொன்னார்களா என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.